ராஜாவுக்காக ஜெபித்த ஞாயிறு

ஜூன் 2, ஞாயிறு
வெயில். காலை ஏழுக்கே சட்டை நனைந்தது. இன்றும் ஆராதனையை நான்தான் வாசித்தேன். குருவானவர் இல்லாத நாளில் ஆராதனை நடத்தும் உபதேசியார் அப்பாதான், பக்கவாதம் வந்து இரண்டு மாதம், வலது பக்கமும் பேச்சும் போச்சு. குருவானவர் திருப்பத்தூரிலிருந்து மாதம் ஒருமுறைதான் வருவார்.

செய்ய வேண்டியது: அப்பா மாத்திரை. கோயில் ஸ்பீக்கரில் இரைச்சல், எர்த் பார்க்க. ஓசூர் கம்பெனிக்குப் பதில்: 17 திங்கள் சேர்கிறேன் என்று. மெக்கட்ரானிக்ஸ் படித்தது மணி அடிக்க அல்ல.

சபைச் செயலாளர், ரிட்டயர்டு வாத்தியார், வாசலில் பிடித்துக்கொண்டார். "வேலைக்கு ஆளு இருந்தாத்தான் தம்பி சபை வீடு. நீங்களே இருந்துட்டீகன்னா அம்மா எங்குட்டும் அலைய வேணாம் பாருங்க."

நாங்கள் இருப்பது சபை வீடு, வேறு வீடு எங்களுக்கு இல்லை. ஓசூரில் வாடகைக்குப் பிடித்து இரண்டு பேரையும் கூட்டிப் போகலாம். அம்மா அசையமாட்டாள்.

ஜூன் 5, புதன்
மழை வருவதுபோல் வந்து போனது. ஜெபப் புத்தகத்துக்கு அட்டை போட்டேன். வெள்ளைக்காரன் காலத்துப் பதிப்பு. 'ராஜாவுக்காக ஜெபம்' என்று ஒரு பக்கம். சுதந்திரத்துக்குப் பிறகு யாரோ அதன்மேல் சீட்டு ஒட்டி 'ஜனாதிபதி' என்று எழுதியிருக்கிறார்கள். பசை காய்ந்து சீட்டு கையோடு வந்துவிட்டது. கீழே ராஜா, ராணி, அரச குடும்பம், எல்லோரும் பத்திரமாக.

மொபைலில் படித்தேன். வெள்ளைக்காரன் நாட்டில் ராஜாதான் சபைக்கும் தலைவர். ஐநூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு ராஜா, தன் கல்யாணத்தை ரத்து செய்யப் போப் சம்மதிக்கவில்லை என்று, தானே தலைவராகிவிட்டார். அன்றிலிருந்து அப்பனோ அம்மாவோ செத்தால் பிள்ளை. நேர்காணல் கிடையாது. வேறு சபைக்குப் போனால் கிரீடம் போச்சு. பாவம், அந்த ஆள். அவருக்காவது அரண்மனை.

ஜூன் 9, ஞாயிறு
சீட்டை ஒட்டவில்லை. வேண்டுமென்றே. ராஜா தன் எதிரிகளை ஜெயிக்க வேண்டுமென்று ராணியோடு சேர்த்துச் சத்தமாக வாசித்தேன். திட்டம்: சண்டை வரும், லாயக்கில்லை என்று துரத்துவார்கள், அம்மாவுக்கும் ஓசூரைத் தவிர வழியிருக்காது.

முன்வரிசை ஞானம்மாள் அத்தை: "எம்புட்டுத் தெளிவா வாசிச்சீக. உங்கப்பா அந்த எடத்துல முழுங்கிருவாரு."

வாத்தியார்: "யாரு பேரா இருந்தா என்ன தம்பி, யாருக்காச்சும் ஜெபிச்சாச் சரி."

மாலை கமிட்டி கூடியது. அடுத்த ஞாயிறு என்னை உபதேசியாராக நியமிக்கத் தீர்மானம். ஏகமனதாக.

அப்பா வீட்டிலிருந்தே ஸ்பீக்கரில் கேட்டிருக்கிறார். பாதி முகம் சிரித்தது. இரண்டு மாதத்தில் முதல் தடவை. மேலே எழுதப் பிடிக்கவில்லை.

ஜூன் 13, வியாழன்
கரண்ட் இல்லை. அம்மாவிடம் பேசிப் பார்த்தேன்.

"அங்குட்டு யாரைத் தெரியும்? இங்கன அவருக்கு ஒண்ணுன்னா நாப்பது பேரு ஓடி வருவாக."

"நான் வரமாட்டேனா?"

"நீ ஷிப்டுல இருப்ப."

அப்பா கட்டிலில் ஆடிக்கொண்டிருந்த போல்ட்டை இறுக்கினேன்.

முடிவு: ஞாயிறன்று எல்லோர் முன்னாலும் 'இல்லை' என்று சொல்வது. சாயங்கால பஸ்.

ஜூன் 16, ஞாயிறு
காற்றே இல்லை. குருவானவர் வந்தார். பீடத்தின் முன் முழங்கால் போட்டேன். அப்பாவை நாற்காலியோடு தூக்கிவந்து முன்னால் வைத்திருந்தார்கள். வாத்தியாரின் வேலை.

"இந்த ஊழியத்தை மனமுவந்து ஏற்றுக்கொள்கிறீரா?"

'இல்லை' சொல்லத்தான் நிமிர்ந்தேன். இரண்டு மூன்று விநாடி தாமதித்திருப்பேன். குருவானவர் நிறுத்தினால் பதில் சொல்லியே பழகிய சபை. மொத்தமாக "ஆமென்" என்றது. கேள்வி கேட்டது என்னிடம்தான்.

பிறகு உள்ளறையில் பதிவேட்டில் கையெழுத்து. பேனா இல்லை என்றேன். குருவானவர் தன்னுடையதைக் கொடுத்தார், மூடியைக் கழற்றியே. போட்டேன்.

ஓசூருக்கு இன்னும் ஃபோன் செய்யவில்லை.