ஆட்சேபித்தவர் வேதநாயகி

அல்சூர், பெங்களூரு
6 ஆகஸ்ட் 2023

அன்புள்ள வேதா,

உறையில் என் கையெழுத்தைப் பார்த்த பிறகும் கிழித்துப் போடாமல் இந்த வரி வரைக்கும் வந்திருந்தால், அதற்கே நன்றி. போன் செய்தால் எடுக்க மாட்டாய். அதனால்தான் தபால். கிருஷ்ணகிரியில் சௌம்யா வீடு மாறவில்லை என்று நம்பி எழுதுகிறேன். உன் மகளும் மாப்பிள்ளையும் நலமா? எனக்கு முழங்காலைத் தவிர வேறு எதன் மேலும் புகார் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நம் அந்தி வகுப்பு அறக்கட்டளை வருஷா வருஷம் கொடுக்கிற ஆண்டறிக்கையின் படிவம் மாறிவிட்டது. முன்பெல்லாம் மேலோட்டமாகக் கேட்டார்கள். இப்போது அறங்காவலர் யார் யார், அவரவர் முகவரி என்ன, அடையாள எண் என்ன என்று ஆளாளுக்குத் தனித்தனியாகக் கேட்கிறார்கள். பழைய ஆடிட்டர் ஓய்ந்துவிட்டார். புதிதாக மமதா என்று ஒரு பெண் வந்திருக்கிறாள். கன்னடக்காரி, தமிழ் சரளம், ஒரு காற்புள்ளியைக்கூட விட மாட்டாள். நம் மினிட்ஸ் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்துவிட்டு நிமிர்ந்து கேட்டாள்:

"ஆன்ட்டி, இந்த வேதநாயகி மேடம் எல்லா மீட்டிங்லயும் சண்டை போடறாங்க. ஆனா எட்டு வருஷமா ஒரு சைன்கூட இல்லையே. யாரு இவங்க?"

நான் காபி போடுகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

பத்திரத்தில் மூன்று பேர்தான்: நீ, நான், நம் முதல் மாணவி பிரபா. உன் பான், ஆதார் நகலில் கையெழுத்துப் போட்டு அனுப்பு. செப்டம்பர் 24 ஞாயிற்றுக்கிழமை ஆண்டுக் கூட்டம். முடிந்தால் வா. 'முடிந்தால்' என்று எழுதியது மரியாதைக்கு. வா.

உன்
யூனிஸ்


கிருஷ்ணகிரி
14 ஆகஸ்ட் 2023

திருமதி யூனிஸ் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. வீட்டில் அனைவரும் நலம்.

எட்டு வருஷமாக நான் அந்த அறக்கட்டளையில் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். தாங்கள் மறந்திருக்கலாம் என்பதால் நினைவுபடுத்துகிறேன். 2015-இல் என் வீட்டுக்காரர் சண்முகம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அல்சூரில் என் வீட்டு முன்னறையில் நடந்துகொண்டிருந்த வகுப்பைப் பொம்மனஹள்ளிக்கு மாற்றத் தாங்கள் தீர்மானம் போட்டீர்கள். கூட்டத்துக்கு நான் வந்திருந்ததாகவும், 'திருமதி வேதநாயகி முழு மனதுடன் சம்மதித்தார்' என்றும் எழுதினீர்கள். அந்த நேரத்தில் நான் ஐ.சி.யூ. வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவருடைய காரியமெல்லாம் முடிந்து வீடு திரும்பினால் முன்னறை காலி. கரும்பலகை மாட்டியிருந்த ஆணி மட்டும் சுவரில் இருந்தது.

அதற்குப் பிறகு எந்தக் கூட்டம்? நான் எங்கே வந்து சண்டை போட்டேன்? அந்தப் பக்கங்களின் நகலை அனுப்பவும். பார்த்த பிறகே எதிலும் கையெழுத்து.

இப்படிக்கு,
ச. வேதநாயகி


அல்சூர்
20 ஆகஸ்ட் 2023

அன்புள்ள வேதா,

'தாங்கள்' என்று படித்ததும் முழங்கால் வலியே மறந்துபோயிற்று. என்னை நீ அப்படிக் கூப்பிட்டது, நாம் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை முன்னால் நடித்தபோது மட்டும்தான்.

நகல்கள் இத்துடன். படிப்பதற்கு முன் நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

2015-இல் நான் செய்தது தப்பு. தையல் ஃபேக்டரியில் ஷிஃப்ட் முடித்த பெண்கள் கன்னட எழுத்துப் படிக்க இரண்டு பஸ் மாறி அல்சூர் வர வேண்டியிருந்தது. பொம்மனஹள்ளியில் வீட்டுக்கார அம்மா மாடி அறையை அன்றே எடுத்தால்தான் உண்டு என்றாள். உன்னிடம் எப்படியும் ஒப்புதல் வாங்கிவிடலாம் என்று நினைத்து எழுதினேன். முப்பது வருஷம் வகுப்பில் யாரையும் மற்றவளுக்காக 'உள்ளேன் அம்மா' சொல்ல விடாதவள், உனக்காக நானே சொன்னேன். கேட்டிருந்தால் நீயே தந்திருப்பாய். கேட்கவில்லை, அதுதான் குற்றம்.

மறு வருஷம் கூட்டத்துக்குப் புத்தகத்தைத் திறந்தேன். உன் பெயருக்கு நேராக 'வரவில்லை' என்று எழுத வேண்டும். எழுத வரவில்லை, வேதா. வந்தாய் என்று எழுதிவிட்டேன். வந்தவள் சும்மாவா உட்கார்ந்திருப்பாள்? நீ என்ன சொல்வாய் என்று யோசித்து அதையும் எழுதினேன். பிரபா அதைப் படித்துவிட்டுத் தன் கட்டத்தில் கையெழுத்துப் போட்டாள். அடுத்த வருஷம் அவளே, "மேடம், வேதா மேடம் இதுக்கு என்ன சொல்வாங்க?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

கையெழுத்துக் கட்டத்தை மட்டும் ஒவ்வொரு வருஷமும் காலியாக விட்டேன். இன்னொன்றையும் பார். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட உன்னை நான் எதற்கும் சம்மதிக்க வைக்கவில்லை.

உன்
யூனிஸ்


கிருஷ்ணகிரி
29 ஆகஸ்ட் 2023

யூனி,

மூன்று நாள் படித்தேன். சௌம்யா, "என்னம்மா பரீட்சைப் பேப்பரா திருத்தறே?" என்றாள். சிவப்பு மை பேனா கையில் இருந்ததைக் கவனிக்கவே இல்லை.

2016: 'மின்விசிறி அப்புறம், முதலில் கழிப்பறைக்குக் கதவு போடுங்கள் என்று திருமதி வேதநாயகி ஆட்சேபித்தார்.' சரி. அப்படியேதான் சொல்லியிருப்பேன்.

2018: 'ஆண்டு விழாவுக்குச் சிறப்பு விருந்தினரும் சால்வையும் எதற்கு, இது என்ன கட்சி மாநாடா என்று கேட்டார்.' சரி. ஆனால் இதைவிடக் கடுமையாகக் கேட்டிருப்பேன்.

2019: விழாவுக்குக் கேசரி வேண்டும் என்று நான் சொன்னதாக எழுதியிருக்கிறாய். அபாண்டம். கேசரி உன் ஆசை. என் பெயரைச் சொல்லித் தின்றிருக்கிறாய்.

2020: 'போனிலேயே பாடம் நடத்தினால், போன் இல்லாதவள் என்ன செய்வாள் என்று கேட்டார்.' நீயும் பிரபாவும் பாடத்தாளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனது இதனால்தானா? அந்த முழங்காலோடா?

2021 பக்கத்தில்தான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். வகுப்பையே மூடிவிடலாம் என்று நீ தீர்மானம் கொண்டு வந்திருக்கிறாய். 'ஒரே ஒரு பெண் வந்தாலும் விளக்கைப் போட்டு உட்கார வேண்டும் என்று கூறி வேதநாயகி கடுமையாக ஆட்சேபித்தார். தீர்மானம் கைவிடப்பட்டது.'

யூனி, அந்த வருஷம் நான் இருந்த நிலைமையில் என்னைக் கேட்டிருந்தால், மூடித் தொலை என்றுதான் சொல்லியிருப்பேன். நீ என்னை என்னைவிட நல்லவளாக எழுதி வைத்திருக்கிறாய். அதைப் படித்துவிட்டு எனக்குக் கோபப்படவும் முடியவில்லை, அழாமல் இருக்கவும் முடியவில்லை.

நீ ஒப்புக்கொண்டதால் நானும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். கண் டாக்டரைப் பார்க்க வருஷத்துக்கு இரண்டு தரம் பெங்களூரு வருகிறேன். மேம்பாலத்தில் ஏறாமல் கீழே போகிற பஸ்ஸாகக் கேட்டு ஏறுவேன். பொம்மனஹள்ளியில் எப்படியும் நெரிசலில் நிற்கும். ஜன்னல் வழியாக உன் மாடி அறை தெரியும். ஒரு தடவை நீ கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தாய். கன்னடம் தெரியாதவள், நான் போன பிறகு எப்படிக் கற்றுக்கொண்டாய் என்று நினைத்தேன். கண்டக்டர், "அம்மா, இளீத்தீரா?" என்று கேட்டான். இறங்கவில்லை என்று தலையாட்டினேன்.

மமதாவிடம் நீ என்ன சொன்னாய்?

வேதா


அல்சூர்
5 செப்டம்பர் 2023

என் வேதா,

இன்று ஆசிரியர் தினம். நாலைந்து பெண்கள் ரோஜாப்பூ கொடுத்தார்கள். அதில் ஒன்றை உன் நாற்காலியில் வைத்தேன். ஆமாம், கூட்டத்துக்கு எப்போதும் மூன்று நாற்காலி போடுவேன்.

கீழே போகிற பஸ்ஸாகக் கேட்டு ஏறியவளே, ஒரு தரம் இறங்கியிருக்கக் கூடாதா? மாடிப்படி பதினான்குதான். இனி சாலையில் எந்தப் பஸ் நின்றாலும் ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு நிற்கப்போகிறேன். பாடம் நடந்த மாதிரிதான்.

கன்னடம் எப்படிக் கற்றேன் என்று கேட்டாயே. நீ விட்டுப்போன நோட்டுப் புத்தகத்திலிருந்துதான். பெண்களுக்கு ஒரு பாடம் முந்தி நான் படித்தேன், அவ்வளவுதான்.

மமதாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "ஆன்ட்டி, எனக்குப் புரியுது. ஆனா இல்லாதவங்கள இருக்காங்கன்னு எழுதின ரிப்போர்ட்ல நான் சைன் போட மாட்டேன்" என்றாள். அவள் சொல்வதுதான் சரி. எட்டுக் கூட்டத்துக்கும் நீ வரவில்லை என்று நானே என் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இந்த வருஷம் நீ நேரில் வந்தால் அறங்காவலராகத் தொடரலாம். இல்லாவிட்டால் விலகல் கடிதம் தர வேண்டும், உன் இடத்தில் வேறு ஒருவரைச் சேர்க்க வேண்டும். மாதக் கடைசிக்குள் ஆண்டறிக்கை போய்ச் சேர வேண்டும்.

ஏழு வருஷத்துக்கு எழுதிவிட்டேன். ஒவ்வொன்றிலும் 'வரவில்லை' என்று எழுதியபோது நீ மறுபடி மறுபடி வீட்டை விட்டுப் போகிற மாதிரி இருந்தது. 2015-க்கு மட்டும் கை ஓடவில்லை. அதை எழுத உன் அனுமதி வேண்டும். அந்தத் தடவை கேட்காததை இப்போது கேட்கிறேன்.

விலகல் கடிதத்தின் வரைவும் இத்துடன் வைத்திருக்கிறேன். நீ எதை அனுப்பினாலும் வாங்கிக்கொள்வேன். ஆனால் எனக்கு எது வேண்டும் என்று உனக்குத் தெரியும். இந்த ஊரில் எனக்கு மறுத்துப் பேச ஆளில்லை, வேதா. எல்லாரும் என்னை "சரிங்க மேடம், சரிங்க மேடம்" என்றே சாகடிக்கிறார்கள்.

உன்
யூனி


கிருஷ்ணகிரி
16 செப்டம்பர் 2023

அன்புள்ள யூனி,

பான், ஆதார் நகல்கள் இருக்கின்றன. விலகல் கடிதத்தையும் இதிலேயே வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டிருக்கிறேன், தேதி போடவில்லை. இரண்டையும் அனுப்புவதற்காகக் கோபப்படாதே. எது உனக்கு உதவும் என்று 24-ஆம் தேதி சாயங்காலம் தெரிந்துவிடும்.

2015-க்கு இப்படி எழுது: 'திருமதி வேதநாயகி வரவில்லை. அவருடைய கணவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். அவரிடம் யாரும் கேட்கவில்லை.' இந்த மூன்று வாக்கியம் போதும். நான்காவதாக மன்னிப்பு, அது இது என்று எதையும் சேர்க்காதே. அது புத்தகத்தில் எழுதுகிற விஷயம் இல்லை, நமக்குள் முடிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸுக்கு சௌம்யா டிக்கெட் போட்டுத் தந்திருக்கிறாள். போன முறையும், அதற்கு முந்தின முறையும் டிக்கெட் எடுத்தவள்தான் நான். பொம்மனஹள்ளியில் இறங்குவது வேறு விஷயம். அந்த இடத்தில் என் கால் என்ன செய்யும் என்று எனக்கே தெரியாது. அதனால் சத்தியம் எதுவும் கேட்காதே.

மூன்று நாற்காலி போடு. கேசரி வேண்டாம். ஜன்னலில் நிற்காதே, பாடத்தை நடத்து.

ஒன்றே ஒன்று. வருகைப் பட்டியலில் என் பெயரை முன்கூட்டியே எழுதி வைக்காதே. நான் படியேறி வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, மூச்சு வாங்கி முடித்த பிறகு எழுது. நான் வரவில்லை என்றால், வரவில்லை என்றே எழுது.

வேதா