எபெரின் அறையில் ஆறு செடிகள்

பெஞ்ஞரோல், மொந்தேவிதேயோ, உருகுவே
12 ஏப்ரல் 2015

என் அருமைத் தம்பி எபெருக்கு,

நலமாக இருக்கிறேன் என்று எழுதத்தான் ஆசை. விரல்கள் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கின்றன. இந்தப் பக்கத்தை முடிப்பதற்குள் பேனாவைப் பலமுறை கீழே வைத்து எடுக்க வேண்டியிருக்கும். வாழ்நாளெல்லாம் சட்டைக் காலர் தைத்த கைக்கு மூட்டுவாதம் வராமல் வேறென்ன வரும் என்கிறார் டாக்டர்.

நீ, குனில்லா, பேரப்பிள்ளைகள் எல்லாரும் சௌக்கியமா? போட்டோ வந்தது. அப்பாவின் தொப்பையை அப்படியே ஸ்வீடனுக்குக் கொண்டுபோயிருக்கிறாய்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். போனில் பேசினால் "எப்படி இருக்கே", "நல்லா இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவோம். அதனால் எழுதுகிறேன்.

நான் வீட்டில் கஞ்சாச் செடி வளர்க்கிறேன்.

சிரிக்காதே. சுல்மாதான் ஆரம்பித்து வைத்தாள். மூலைக்கடையில் முடி வெட்டுவாளே, உன் முன்முடியை ஒருமுறை கோணலாக வெட்டிவிட்டு "இதுதான் இப்ப ஃபேஷன்" என்று சாதித்தாளே, அவளேதான். அந்தப் பூவை எண்ணெயில் காய்ச்சி ஒரு தைலம் செய்து கொண்டுவந்து என் கையில் தேய்த்துவிட்டாள். அன்று சாயங்காலம் என் ஸ்வெட்டருக்கு நானே பொத்தான் போட்டேன். மறுவாரம் தயிர் டப்பாக்களில் ஆறு நாற்றுகளோடு வந்து நின்றாள்.

"முற்றத்துல வைக்காதடி. சுவரேறிக் குதிச்சு எடுத்துட்டுப் போயிடுவானுங்க. போன வருஷம் என் செடிய வேரோட பிடுங்கிட்டானுங்க. போலீஸ்ல போய்ச் சொன்னா, அவன் சிரிப்ப அடக்க முடியாம பேனாவத் தேடுறான்."

சட்டப்படிதான் செய்கிறேன், பயப்படாதே. இப்போது ஒரு வீட்டுக்கு ஆறு செடி வைத்துக்கொள்ளலாம். தபால் ஆபீஸில் பெயரைப் பதிந்துகொண்டால் போதும். உனக்குப் பார்சல் அனுப்பும் அதே ஜன்னலில் போய் நின்றேன். "வீட்டுக்குள்ளயா, வெளியிலயா?" என்று கேட்டாள் அந்தப் பெண். "வீட்டுக்குள்ளதான். என் தம்பி ரூம்ல" என்று சொல்லிவிட்டேன். "ரூம் யாரோடதுன்னு நாங்க கேக்கறதில்லம்மா" என்றாள்.

ஆமாம் எபெர், உன் அறையில்தான். பூ வைக்கும் பருவத்தில் இந்தச் செடிக்குப் பாதி நாள் வெளிச்சமும் பாதி நாள் கும்மிருட்டும் வேண்டுமாம். இருட்டு நேரத்தில் கதவிடுக்கில் கொஞ்சம் வெளிச்சம் கசிந்தாலும் பூ கெட்டுவிடுமாம். நம் வீட்டில் அப்படி இருட்டாக இருப்பது உன் அறை ஒன்றுதான். நீ நாட்டை விட்டுப் போன வருஷம் அம்மா சாத்திய ஜன்னல், இன்னும் சாத்தியபடியே இருக்கிறது.

கட்டிலைக் கழற்றி நடையில் சாய்த்து வைத்திருக்கிறேன். புத்தகங்களைத் துணியில் சுற்றி அலமாரி மேல் வைத்துவிட்டேன். கூரையிலிருந்து ஒரு விளக்கு, மூலையில் ஒரு சின்ன ஃபேன், சுவரிலும் கூரையிலும் வெள்ளித்தாள். கோபித்துக்கொள்ள மாட்டாய் என்று நம்புகிறேன்.

உன் அக்கா,
நிபியா


மால்மோ
4 மே 2015

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பஸ்ஸில் படித்தேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

உன் கைவலி குறைந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். இங்கே இதற்கெல்லாம் ஜெயில். பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்ல முடியாது, போகட்டும். ஆனால் கட்டிலைக் கழற்றுவதற்கு முன் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் எனக்கு டிப்போவில் பஸ் கழுவுகிற வேலை. தண்ணீர் கையிலேயே உறைந்துபோகும். அப்போதெல்லாம் மனசுக்குள் அந்த அறைக்குப் போய்விடுவேன். கூரையில் குதிரைத் தலை மாதிரி ஒரு ஈரக்கறை இருக்குமே, அதிலிருந்து தொடங்குவேன். பிறகு கதவுக்குப் பின்னால் அப்பாவின் பழைய கோட்டு. சிவப்புத் தரையில் நான் மைக்கூடு உடைத்த இடம். மதியத் தூக்கத்தில் ரயில் பட்டறைச் சங்கு ஊதும். அப்பா வருகிற செருப்புச் சத்தம் கேட்கும். எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தால் பஸ் கழுவி முடிந்திருக்கும். என்னோடு வந்த மற்றவர்கள் போட்டோக்களை வைத்திருந்தார்கள். எனக்கு ஓர் அறை இருந்தது.

இதைச் சொன்னதற்கு குனில்லா கேட்கிறாள், "அந்த ரூமுக்கு நீங்க கடைசியா எப்பப் போனீங்க?" அம்மா இருந்தபோது ஒருமுறை போனதோடு சரி என்று அவளுக்கும் தெரியும். தெரிந்துகொண்டே கேட்கிறாள்.

இந்த டிசம்பரில் நிச்சயம் வருகிறேன். அதற்குள் செடிகளை அம்மாவின் அறைக்கு மாற்றிவிடு. அதுதான் சும்மா கிடக்கிறதே. ஜன்னலுக்கு ஒரு கம்பளியைத் தொங்கவிட்டால் இருட்டாகிவிடும். என் கட்டிலை மறுபடி அதன் இடத்திலேயே போட்டுவிடு அக்கா. வேறொன்றும் கேட்கவில்லை.

உன் தம்பி,
எபெர்


பெஞ்ஞரோல்
7 ஜூன் 2015

அன்புத் தம்பிக்கு,

உங்களுக்கு வெயில் காலம், இங்கே குளிர் தொடங்கிவிட்டது. நேற்று மழைக்கு நானும் சுல்மாவும் தோர்த்தா மாவு ரொட்டி எண்ணெயில் சுட்டுத் தின்றோம். உன் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். அப்பாவின் செருப்புச் சத்தம் வந்த வரியை இன்னொருமுறை படிக்கச் சொன்னாள். எனக்கும் அது கேட்கும்.

ஆனால் ஒன்றைத் திருத்த வேண்டும். அம்மாவின் அறை சும்மா கிடக்கவில்லை. அங்கே நான் தூங்குகிறேன்.

அம்மா போன பிறகுதான் அதுவும். அதற்கு முன் அடுப்பங்கரையில் மடக்குக் கட்டில். நீ இங்கே இருந்த காலத்திலேயே அங்கேதான். அப்பா அம்மாவுக்கு ஓர் அறை, படிக்கிற பிள்ளைக்கு ஓர் அறை. காலையில் எல்லாரும் எழுவதற்குள் மடக்கிக் கதவுக்குப் பின்னால் வைத்துவிடுவேன். அதனால் உன் கண்ணில் பட்டிருக்காது.

ராணுவ ஆட்சி நாளில் பட்டாளத்துக்காரர்கள் உன்னைத் தேடி வந்த அன்று உன் மெத்தையைக் கத்தியால் கிழித்துப் பஞ்சை வாரி இறைத்துவிட்டுப் போனார்கள். மறுநாள் அதைத் தைத்தவள் நான்தான். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஊசிக்கு நூல் கோத்துக் கொடுத்தாள். தைத்து முடித்ததும் விரிப்பு விரித்து, ஜன்னலைச் சாத்திவிட்டு வெளியே வந்தோம்.

நீ போன பிறகு ஒராசியோ என்று ஒருவர், தபால் வண்டி ஓட்டினார். உனக்கு எழுதியதில்லை, அந்த நாளில் கடிதங்களைப் பிரித்துப் படித்தார்கள், அவர் பெயர் எதற்கு அதில் என்று விட்டுவிட்டேன். அவர் என்னைக் கல்யாணம் செய்துகொள்கிறேன் என்றார். தனிவீடு பார்க்க இரண்டு பேருக்கும் வசதியில்லை. உன் அறையை எங்களுக்குக் கொடுக்க முடியுமா என்று அம்மாவைக் கேட்டார்.

"அந்தக் கட்டில்ல என் பிள்ளை வந்து படுப்பான் தம்பி. வேற யாரும் படுக்கக் கூடாது. தப்பா நினைக்காதீங்க" என்றாள் அம்மா.

அவர் தப்பாக நினைக்கவில்லை. கொஞ்ச காலம் காத்திருந்தார். பிறகு வேலை தேடி புவெனோஸ் அயர்ஸுக்குப் போனார். அங்கேயே இருந்துவிட்டார்.

எனக்கு அம்மா மேல் கோபமில்லை. நான் கண்ணெதிரே இருந்தேன். நீ இருக்கிறாயா என்பதே மாசக்கணக்கில் தெரியாமல் இருந்தது. அவள் வேறென்ன செய்வாள்? இதை உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை. அறை சும்மா கிடக்கிறது என்று நீ எழுதினாய், அதனால் சொல்கிறேன்.

இப்போது செடிகளைப் பற்றி. இடுப்பளவு வளர்ந்துவிட்டன. ஒன்று ஆண் என்று தெரிந்து சுல்மா பிடுங்கிவிட்டாள். "ஆம்பளைய விட்டா மத்தது எல்லாத்துக்கும் விதை புடிச்சுடும், பூ ஒண்ணுத்துக்கும் ஆகாது" என்றாள். பிறகு மண்ணை உதறிக்கொண்டே, "இத நம்ம இருபது வயசுல ஒருத்தரும் சொல்லலியேடி" என்றாள். அன்று சிரித்த மாதிரி நான் சிரித்துப் பல வருஷமாகிறது.

காலையில் விளக்குப் போட்டதும் நாற்காலியையும் மாத்தே தேநீர்க் குடுவையையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்துவிடுவேன். வெளியே பனி, உள்ளே குளிர்காலத்தையே காணோம். மஞ்சள் இலை இருந்தால் கிள்ளுவேன். கிள்ளுவதற்கு விரலும் வளைகிறது. வாசனை என்றால், கசக்கிய எலுமிச்சை இலையும் நனைந்த நாயும் சேர்ந்தாற்போல, பழகிவிட்டது. அவற்றோடு பேசவும் செய்கிறேன். "பேசு, பேசு. பதில் வந்தா மட்டும் எனக்குச் சொல்லியனுப்பு" என்கிறாள் சுல்மா.

அந்த அறைக்குள் நான் வெறும் தூசி தட்டத்தான் போயிருக்கிறேன், எபெர். உட்கார்ந்தது இப்போதுதான்.

செடிகளை மாற்ற மாட்டேன். நீ வா. படுக்க இடம் பார்த்துக்கொள்ளலாம்.

உன் அக்கா,
நிபியா


மால்மோ
20 செப்டம்பர் 2015

அக்காவுக்கு,

பதில் போட இத்தனை மாதம் ஆகிவிட்டது. உட்கார்ந்து எழுதி, கிழித்து, மறுபடி எழுதி.

உன் கட்டிலை நினைவுபடுத்திப் பார்க்க முயன்றேன். முடியவில்லை. கூரைக்கறையின் குதிரைக்கு எத்தனை பல் என்று என்னால் சொல்ல முடிகிறது. நீ எங்கே படுத்தாய் என்று சொல்ல முடியவில்லை. எந்த நினைவை எடுத்தாலும் அதில் நீ நின்றுகொண்டே இருக்கிறாய். இஸ்திரி போடுகிறாய், மாத்தே நீட்டுகிறாய், என் புத்தகப்பையைத் தைக்கிறாய். உட்கார்ந்த மாதிரி ஒன்றுகூட அகப்படவில்லை.

ஒராசியோவைப் பற்றி நேரில் கேட்கிறேன். அவர் முகம் எப்படி இருக்கும் என்றாவது சொல்.

டிக்கெட் வாங்கிவிட்டேன். குனில்லா வரவில்லை. "நீங்களும் உங்க அக்காவும் பேசறதுக்கு நடுவுல நான் எதுக்கு?" என்கிறாள். நான் அடுப்பங்கரையில் படுத்துக்கொள்கிறேன். செடிகள் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.

எபெர்


பெஞ்ஞரோல்
18 அக்டோபர் 2015

தம்பிக்கு,

வா. சுல்மா ஒரு மடக்குக் கட்டில் தருகிறாள், நடுவில் கொஞ்சம் பள்ளம்.

செடிகளை வெட்டிக் கொடியில் தலைகீழாகக் காயப்போட்டாகிவிட்டது. தைலம் காய்ச்சினோம். பக்கத்துத் தெரு வயசாளிகள் ஒவ்வொருவராக முழங்காலைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள், சும்மா நலம் விசாரிக்க வந்த மாதிரி. அடுத்த நாற்றுகளும் வைத்துவிட்டேன்.

ஒராசியோவுக்குக் காது பெரிது. பேசும்போது தொப்பியைக் கழற்றிவிடுவார். மீதியை வந்து கேள்.

இதற்கு முன்னும் பல டிசம்பர்களுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாய். இந்தமுறை அசாதோவுக்குக் கரியில் சுட இறைச்சி சொல்லி வைத்துவிட்டேன், அதனால் வந்துவிடு.

நிபியா


மால்மோ
24 ஜனவரி 2016

என் பிரியமான அக்கா,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். இங்கே முழங்கால் அளவு பனி. உன் தைலத்தின் வாசனை கோட்டில் ஒட்டிக்கொண்டு வந்துவிடுமோ என்று விமானம் முழுக்கப் பயம். ஏறுவதற்கு முன் சுல்மா என்னை மோந்து பார்த்துவிட்டு, "உங்கிட்ட கெழவன் வாடைதான் வருது, தைரியமாப் போ" என்றாளே, அதை நம்பித்தான் வந்தேன்.

உன்னிடம் நேரில் சொல்லாத ஒன்றை எழுதுகிறேன். நீங்கள் இருவரும் சந்தைக்குப் போன மதியம் நான் அந்த அறைக்குள் போனேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கறை இருந்த இடத்தை வெள்ளித்தாள் மூடியிருந்தது. நான் தேடிப்போனது எதுவும் அங்கே இல்லை. உன் நாற்காலி இருந்தது. அதன் மேல் உன் சால்வை. பக்கத்தில் பாதி குடித்த மாத்தே. எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. நன்றாகப் பார்த்துக்கொள்ளப்படுகிற இடத்தில் நிற்பது போல இருந்தது. இத்தனை வருஷம் நான் மனசுக்குள் வந்து போன அறையில் அப்படி யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

இங்கே திரும்பும்போது மொந்தேவிதேயோ விமான நிலையத்தில் ஒரு அதிகாரி "எங்க போறீங்க?" என்று கேட்டார். "வீட்டுக்கு" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது.

அக்கா, நான் அங்கே வாழ வரப்போவதில்லை. என் குழந்தைகள் இங்கே, என் முதுமை இங்கே. உனக்கு இது எப்போதோ தெரிந்திருக்கும். சொல்ல வேண்டியவன் சொல்லாததால் காத்திருந்தாய். அம்மா காத்திருந்ததையும் சேர்த்து நீ காத்திருந்தாய்.

அந்தக் கட்டிலின் திருகுகளுக்கு எண்ணெய் போட்டு வைத்துவிட்டு வந்திருக்கிறேன். அது இனி உன்னுடையது, அறையும்தான். செடி வளர்ப்பாயோ, படுப்பாயோ, உன் இஷ்டம். யாருக்காகவும் எதையும் சாத்தி வைக்காதே.

உன் தம்பி,
எபெர்


பெஞ்ஞரோல்
6 மார்ச் 2016

என் தம்பிக்கு,

உன் கடிதத்தை முதலில் நான் தனியாகப் படித்தேன். பிறகு சுல்மாவிடம் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு மூக்கைச் சிந்தி, "திருப்புளி எங்கடி இருக்கு?" என்றாள்.

செடிகளை அம்மாவின் அறைக்கு மாற்றினோம். நீ சொன்னபடியே ஜன்னலுக்குக் கம்பளி. ஒரு வாரம் முகம் வாடி நின்றன, இப்போது தேறிவிட்டன. உன் கட்டிலை அதன் இடத்தில் பூட்டினோம். ஒரு கால் தலைகீழாகப் போய்விட்டது, மறுபடி கழற்றினோம். இரண்டு கிழவிகள் இறைத்த வசவில் தெருவே வேடிக்கை பார்த்திருக்கும்.

ஜன்னல் முதலில் திறக்கவே இல்லை. சுல்மா தோளால் இடித்தாள். கொக்கி கையோடு வந்துவிட்டது.

நீ வரமாட்டாய் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் உன் கையால் எழுதியதைப் படித்தபோது, பாதியில் மடித்து வைத்துவிட்டு மாத்தேக்குத் தண்ணீர் சுட வைத்தேன். பிறகு எடுத்து மீதியைப் படித்தேன். போட்டோ அனுப்புவதை நிறுத்தாதே.

நேற்று ராத்திரி முதல்முறையாக அங்கே படுத்தேன். விடிகிற நேரத்தில் எனக்கு விழிப்பு வந்தது. வலியால் இல்லை. பின்தெரு ரொட்டிக்கடையில் முதல் அடுப்பைத் திறந்திருக்கிறார்கள். சூடான ரொட்டி வாசனை அந்த ஜன்னல் வழியாக நேரே தலையணைக்கு வருகிறது. அடுப்பங்கரைக்கு அது வந்ததே இல்லை. அம்மாவின் அறைக்கும் வராது. எழுந்திருக்காமல் அப்படியே கிடந்தேன், வெயில் கால்மாட்டுக்கு வரும்வரை.

ஏண்டா, எத்தனை கடிதம் எழுதியிருப்பாய் இந்த அறையைப் பற்றி? இதை மட்டும் ஏன் சொல்லவே இல்லை? சொல்லியிருந்தால் நீ கப்பல் ஏறிய மறுநாளே நான் உன் கட்டிலைப் பிடித்திருப்பேன்.

அன்புடன்,
உன் அக்கா நிபியா