எலும்போடு வைத்த கறி

மாமா,

சோப்புப் போட்டுக் கழுவியும் கையில் மிளகும் கசகசாவும் மணக்கிறது. இன்று நீங்கள் போய் வருசம் திரும்பிய நாள். பிடித்ததையெல்லாம் ஆக்கி உங்கள் படத்துக்கு முன்னால் இலை போட்டுக் கும்பிட்டாயிற்று. பங்காளிகளும் சம்பந்தி வீட்டாரும் சாப்பிட்டுக் கிளம்பிவிட்டார்கள். நான் அக்கா என்று கூப்பிடுகிற உங்கள் மனைவி அசதியில் படுத்திருக்கிறார். நான் முயல் கொட்டகைக்கு வந்து தீவன மூட்டை மேல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உங்களைப் பற்றி நல்லதாகப் பேச இன்று நிறையப் பேர் இருந்தார்கள். மிச்சத்தை நான் பேசிக்கொள்கிறேன்.

உங்கள் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு சங்ககிரிக்குப் பக்கத்தில் இந்தத் தோட்டங்காட்டுக்கு வந்தபோது இங்கே உங்கள் கோழிப் பண்ணை மட்டும்தான் இருந்தது. அவர் லாரியில் ஏறினால் எப்போது திரும்புவார் என்று தெரியாது. சும்மா உட்கார்ந்திருக்க எனக்கு ஆகாது. முயல் வளர்க்கிறேன் என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். ஆனாலும் உங்கள் பண்ணையில் கழித்துப்போட்ட கம்பிக் கூண்டுகளை நீங்களே தூக்கிவந்து கொடுத்தீர்கள். அதை நான் மறைக்கவில்லை. அந்தக் கூண்டுகள் இன்றும் என்னிடம் இருக்கின்றன, நீங்கள் சொன்ன சொல்லும் இருக்கிறது.

முயல் வளர்ப்பில் வெயிலை எப்படியும் சமாளித்துவிடலாம். சாக்கை நனைத்துச் சுற்றிலும் கட்டினால் சித்திரையைத் தாண்டிவிடும். சமாளிக்க முடியாதது சத்தம். குட்டி போட்ட முயல் மிரண்டால் ஈனுவதற்கு வைத்த பெட்டிக்குள் பாய்ந்து தன் குட்டிகளையே மிதிக்கும். சில சமயம் கடித்துத் தின்றும் விடும். ஈனுவதற்கு முன்னால் தன் வயிற்று மயிரைத் தானே பிடுங்கி மெத்தை போட்டு வைக்கிறதும் அதே முயல்தான். இதையெல்லாம் உங்களிடம் சொல்லியிருந்தேன். கோழிக்காரருக்குச் சத்தத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. உங்கள் பண்ணைப் பக்கம் லாரி ஹாரன் அடித்தால் டிரைவரை இறக்கி வைத்துத் திட்டுகிறவர் நீங்கள்.

அந்த வருசம் மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்கு வேட்டுப் போட இடம் பார்த்தபோது, கொட்டகையில் தாய் முயல்கள் புதிதாகக் குட்டி போட்டிருக்கின்றன, கிணற்று மேட்டுப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். "முசலுக்குப் பயந்துக்கிட்டு ஆத்தா நோம்பிய நிறுத்தறதுங்களா?" என்று பங்காளிகளைப் பார்த்துக் கேட்டீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். உங்கள் பண்ணையிலிருந்து எட்டத் தள்ளி, என் கொட்டகைச் சுவரை ஒட்டி வேட்டு வைத்தீர்கள். இடத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் வைத்தீர்கள் என்று அப்போதே எனக்குத் தெரியும்.

வெடித்து முடிந்ததும் ஓடினேன். கூண்டுக் கம்பிகள் அதிர்ந்துகொண்டிருந்தன. பெட்டிகளில் பஞ்சு மாதிரி கிடந்த மயிரெல்லாம் சிவப்பாக இருந்தது. ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன், உங்களிடம் காட்ட வேண்டும் என்றுதான். நீங்கள் எட்டிப் பார்த்தீர்கள். உங்கள் பெரியப்பா துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். அப்போது எனக்கு இரண்டாவது தடவையும் கரு கலைந்து, உடம்பு சரியாகத் தேறவில்லை. அது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். நீங்கள் கத்தவில்லை. பரிதாபப்படுகிற மாதிரி மெதுவாகத்தான் சொன்னீர்கள்.

"பெத்ததையே திங்கிற சீவனக் கட்டி மேய்க்கறவ வயித்துல புள்ள எப்படித் தங்கும் சாமி?"

அதற்குப் பிறகும் எங்களுக்குப் பிள்ளை இல்லை. உங்கள் சொல்லால்தான் இல்லை என்று நான் நம்பவில்லை. ஊர் நம்பியது. முயல்கறி வாங்க வந்துகொண்டிருந்தவர்கள் நின்றுபோனார்கள். வளைகாப்புக்குக் கூப்பிடுவதையும் நிறுத்தினார்கள். அந்தக் கொட்டகைச் சோறு உங்கள் நாக்கில் படாது என்று நீங்கள் போகிற வீடெல்லாம் சொல்லி வைத்தீர்கள். உங்கள் தம்பியே கொட்டகையைப் பிரித்துவிடலாம் என்றார். பிரித்தால் நீங்கள் சொன்னது உண்மை என்று ஆகிவிடும் என்றேன். பிறகு அவரே பைபாஸ் ரோட்டில் லாரிக்காரர்கள் சாப்பிடுகிற ஓட்டல்களில் பேசிவிட்டார். கறி அங்கே போனது. கொட்டகை நிலைத்தது. உள்ளூர் மட்டும் மூக்கைப் பொத்தியபடியே இருந்தது.

பிறகு உங்களுக்கு நெஞ்சுவலி வந்தது. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தபோது, கொழுப்பில்லாத கறியாகப் பார்த்துக் கொஞ்சமாகக் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லியனுப்பினார். அக்காவுக்கு மூட்டுவலி, அடுப்படியில் நிற்க முடியாது. ஆக்கிக் கொடுக்கிற வேலை என்னிடம் வந்தது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோசத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. நல்லதாக ஒரு முயலைப் பார்த்து அறுக்கச் சொல்லி, எலும்பை எல்லாம் எடுத்துவிட்டு, சின்ன வெங்காயமும் மிளகும் அரைத்துவிட்டு, நாட்டுக்கோழி என்று சொல்லிக் கொண்டுவந்து வைத்தேன். ஒரு வாய் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டீர்கள். "ஏஞ்சாமி, இந்தக் கோழிய எங்க புடிச்ச? பஞ்சாட்ட இருக்குது" என்றீர்கள். கோழியிலேயே பிழைத்த மனுசன் என் முயலைக் கோழி என்று சொல்லிச் சப்புக் கொட்டுவதைப் பார்த்தபோது வயிறு குளிர்ந்தது.

அதற்குப் பிறகு நீங்களே கேட்டு வாங்கிச் சாப்பிட்டீர்கள். நான் அவசரப்படவில்லை. நோம்பி வரட்டும் என்று காத்திருந்தேன். அதே பங்காளிகள், அதே பெரியப்பா, எல்லோரும் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது உங்கள் இலையைக் காட்டிச் சொல்ல வேண்டும். அந்தச் சொல்லை நீங்கள் உங்கள் வாயாலேயே திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். எனக்கு வேண்டியதெல்லாம் அது ஒன்றுதான். சொல்ல வேண்டியதைக் கொட்டகையில் முயல்களிடம் சொல்லிப் பார்த்துக்கூட வைத்திருந்தேன்.

நோம்பி தொடங்கக் கோயிலில் கம்பம் நடுவதற்கு முன்பே நீங்கள் போய்விட்டீர்கள். எல்லோரும் அழுதார்கள். நானும் அழுதேன். என் அழுகை எதற்கென்று யாரும் கேட்கவில்லை, நான் பாசக்காரி என்று பேர் வாங்கிவிட்டேன். ஒரு வருசமாக, சொல்லாத அந்த வார்த்தைகளை வைத்துக்கொண்டு ஏமாந்தவள் மாதிரி நடந்தேன்.

இன்று காலை என்ன ஆக்கலாம் என்று கேட்கப் போனேன். அக்கா கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்: "அவருக்கு அந்த முசக்கறியவே வெய்யி சாமி."

உங்களுக்குத் தெரியுமுங்களா அக்கா என்றேன்.

"மொத நாளே சொல்லிப்போட்டாரு. கோழியோடவே பொழச்ச மனுசனுக்குக் கறி தெரியாதா? 'அவ கோழின்னே சொல்லிக் குடுக்கட்டும், தெரியும்னு சொன்னா ஊருக்கும் சொல்லோணும்'னாரு."

ஊருக்கும் சொல்ல வேண்டும். ஆமாம் மாமா, அதுதானே சங்கடம். என் கறியைச் சாப்பிட்டீர்கள், உடம்பைத் தேற்றிக்கொண்டீர்கள், பேரையும் காப்பாற்றிக்கொண்டீர்கள். ஏமாற்றியது நானென்று நினைத்திருந்தேன். என் பழியைக்கூட நீங்கள்தான் தின்று தீர்த்திருக்கிறீர்கள். அடுப்பைப் பற்றவைத்தேன். பிறகு நிதானம் வந்தது. இந்தத் தடவை எலும்பை எடுக்கவில்லை.

கும்பிட்டு முடித்துப் பந்தி போட்டோம். படையல் சோற்றை இலையில் மிச்சம் வைத்தால் போனவரை அவமதித்த மாதிரி என்பது நம் வீட்டு வழக்கம். நீங்களே எத்தனை பேரை மிரட்டித் தின்ன வைத்திருக்கிறீர்கள். பெரியப்பா ருசித்துச் சாப்பிட்டார். பாதியில் ஒரு எலும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கோழி எலும்பு மாதிரித் தெரியலையே என்றார்.

"முசக்கறிங்க. எங்க கொட்டகையில வளந்தது" என்றேன்.

பந்தி அப்படியே நின்றது. அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார். "ஆமாங்க. அவரு கடைசி வரைக்கும் கேட்டுக் கேட்டுத் தின்னதுதான்" என்றார்.

பெரியப்பா உங்கள் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். துண்டு தோளில்தான் இருந்தது, எடுக்கவில்லை. குனிந்து சாப்பிட்டார். அவர் சாப்பிடவும் மற்றவர்களும் சாப்பிட்டார்கள். நான் ஒவ்வொரு இலையாகப் போய், இன்னும் கொஞ்சம் வைக்கட்டுங்களா என்று கேட்டு ஊற்றினேன். ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

போனவர் மேல் கோபம் வைக்காதே, மன்னித்துவிடு என்று உங்கள் தம்பி சற்றுமுன் வந்து சொல்லிப் போனார். நீங்கள் கேட்டிருந்தால் யோசித்திருப்பேன். தலைமாட்டில் உட்கார்ந்து நான் ஊட்டிவிட்ட நாட்களில் ஒரு நாள் கேட்டிருக்கலாம், ஒரு வார்த்தை போதும். கேட்கவில்லை. கறி ஊருக்கே செரித்துவிட்டது. நீங்கள் என் வயிற்றைப் பற்றிச் சொன்னது எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

எதிர்க் கூண்டில் ஒரு முயல் வயிற்று மயிரைப் பிடுங்க ஆரம்பித்திருக்கிறது. நீங்கள் கொடுத்த கூண்டுதான். நான் எழுந்து போய்ப் பெட்டி வைக்க வேண்டும். அடுத்த வருசமும் இதே நாளில் உங்களுக்கு இலை போடுவேன் மாமா, நான் இருக்கிறவரைக்கும் போடுவேன். எலும்போடுதான் வைப்பேன்.