வெள்ளத்துக்குக் கட்டி வைத்த பை காணாமல் போனது குறித்து

அனுப்புநர்:
ந. ஜெயப்பிரியா (வயது 34),
க/பெ. நந்தகுமார்,
ஆற்றோரத் தெரு, கீழப்பாளையம்புதூர்,
மோகனூர் வழி, நாமக்கல் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
நாமக்கல்.

பொருள்: பேரிடர் காலத்துக்காக நான் கட்டி வைத்த பையை மீட்டுத் தரவும், அதிலிருந்த நகல்களைக் கொண்டு கொடுக்கப்பட்டுள்ள பட்டா விண்ணப்பத்தை நிறுத்தி வைக்கவும் வேண்டுதல் – சார்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் திருச்செங்கோட்டு முதலாளி ஒருவரின் போர்வெல் ரிக் வண்டியில் வேலை செய்கிறார். எட்டு மாதமாகச் சத்தீஸ்கரில் இருக்கிறார். வீட்டில் நானும், நான்காம் வகுப்பு படிக்கும் என் மகள் ரஞ்சனியும் மட்டுமே. ரஞ்சனிக்கு வீசிங் உண்டு. வீடு என் பெயரிலும் கணவர் பெயரிலும் கூட்டுப் பட்டாவாக உள்ளது. அடுத்த வீட்டில் இருப்பவர் கணவரின் அண்ணன் திரு. பிரபாகர்.

2. கடந்த 9.7.2024 அன்று எங்கள் ஊர்ச் சமுதாயக் கூடத்தில் தீயணைப்புத் துறையினர் பயிற்சி நடத்தினார்கள். ஆற்றங்கரையில் குடியிருப்போர் ஒவ்வொருவரும் ஒரு பை கட்டி, கை எட்டும் இடத்தில் வைக்கச் சொல்லிப் பட்டியலும் கொடுத்தார்கள். அதன்படியே செய்தேன். டார்ச் லைட், மாற்று பேட்டரி, இருபது அடி நைலான் கயிறு, விசில், சிறு கத்தி, பொட்டுக்கடலை, வெல்லம், உப்புச் சர்க்கரைப் பொட்டலம், எனக்கும் மகளுக்கும் இரண்டு செட் துணி, ரஞ்சனிக்குப் புதிதாக வாங்கிய இன்ஹேலர், பிளாஸ்டிக் கவரில் ஆதார், ரேஷன் கார்டு, பட்டா நகல்கள். பையைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினேன்.

3. 18.7.2024 அன்று தண்ணீர் மோட்டார் சுவிட்சைப் பார்க்க வந்த திரு. பிரபாகர் அந்தப் பையைப் பார்த்தார். “எந்த ஊருக்கும்மா பயணம்?” என்று கேட்டார். தீயணைப்புத் துறை கொடுத்த பட்டியலைக் காட்டினேன். அவர் அதைப் படிக்கவில்லை. ஒரு மணி நேரத்தில் கணவரிடமிருந்து போன் வந்தது. “உனக்கும் புள்ளைக்கும் மட்டும் எதுக்குத் துணி எடுத்து வெச்சிருக்கறே?” என்றார். நீங்கள் ஊரில் இல்லையே என்றேன். அவர் போனை வைத்துவிட்டார். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் அவர் என்னிடம் கேட்ட கேள்விகளிலேயே எனக்கு மறக்காதது இதுதான்.

4. மறுநாள் நான் ரஞ்சனியைப் பள்ளியில் விடப் போயிருந்த நேரத்தில், பூட்டிய வீட்டிலிருந்து பை போய்விட்டது. மாற்றுச் சாவி திரு. பிரபாகர் வீட்டில் இருக்கிறது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். அன்று மதியம் என்னைக் காவல் நிலையத்துக்கு அழைத்தார்கள். பை மேசை மேல் இருந்தது. நான் குழந்தையுடன் வீட்டை விட்டு ஓடப் போவதாக வாய்மொழிப் புகாராம். அங்கிருந்த காவலர் ஒவ்வொரு பொருளாக எடுத்து வைத்து, “கயிறு எதுக்குங்க? கத்தி எதுக்குங்க?” என்று கேட்டார். பட்டா நகல் எதற்கு என்று அங்கே உட்கார்ந்திருந்த திரு. பிரபாகர் கேட்டார். அந்த ஒன்றை மட்டும் அவர் இரண்டு முறை கேட்டதைக் கவனித்தேன். “விசாரிச்சுட்டுத் தர்றோம்” என்று சொல்லிப் பையை வைத்துக்கொண்டார்கள். ரசீது கேட்டேன். தரவில்லை.

5. 31.7.2024 பிற்பகல் ஆற்றில் தண்ணீர் அதிகம் திறந்திருப்பதாக ஒலிபெருக்கியில் அறிவித்து, அரை மணியில் காலி செய்யச் சொன்னார்கள். கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு அரசுப் பள்ளி முகாமுக்குப் போனோம். ஈரத் தரையில் படுத்த ரஞ்சனிக்கு மாலையிலேயே இழுப்பு வந்தது. பழைய இன்ஹேலர் இரண்டு அழுத்தில் தீர்ந்துபோயிற்று. புதியது பையில். முகாமில் இருந்த சுப்பம்மாள் என்ற அம்மாளிடம் பிள்ளையை ஒப்படைத்துவிட்டு, முழங்கால் தண்ணீரில் காவல் நிலையத்துக்கு நடந்தேன். “அன்னைக்குச் சாயந்தரமே உங்க ஊட்டுக்காரங்க வந்து வாங்கிட்டுப் போயிட்டாங்களே” என்றார்கள். யார் என்று கேட்டேன். கணவரின் அண்ணன் என்றார்கள். பன்னிரண்டு நாளாக அடுத்த வீட்டில் இருந்திருக்கிறது.

6. திரும்பி வந்தபோது என் பிள்ளையின் உதடு நீலம் பாரித்திருந்தது. சுப்பம்மாள் 108-க்குச் சொல்லியிருந்தார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆவி மருந்து வைத்துக் காப்பாற்றினார்கள். அவர்களுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். ஆம்புலன்ஸ் ஏறும்போது, அதே முகாமில், திரு. பிரபாகர் கையில் ஒரு டார்ச் இருந்தது. அதன் பிடியில் நான் சுற்றிய சிவப்பு டேப் இருந்தது. இன்ஹேலர் எங்கே என்று கேட்டதற்கு, “எந்தப் பை? நான் வாங்கவே இல்லையே” என்றார்.

7. 27.8.2024 அன்று கிராம நிர்வாக அலுவலர் திருமதி அனிதா, பட்டா மாறுதல் விண்ணப்பம் ஒன்றின் விசாரணைக்கு வந்தார். “ஏனுங்க, பட்டாவுல உங்க பேர எடுத்துறச் சொல்லி நீங்களே சம்மதக் கடுதாசி குடுத்திருக்கீங்களாமா?” என்று கேட்டார். நான் எதுவும் கொடுக்கவில்லை. அவரிடம் இருந்த ஆதார் நகலைப் பார்த்தேன். பைக்காக நகல் எடுத்தபோது அதன் ஓரத்தில் ‘வெள்ள அவசரத்துக்கு மட்டும்’ என்று ஊதா மையில் எழுதியிருந்தேன். விண்ணப்பத்தில் இருந்த நகலில் அந்த இடம் வெள்ளையாக இருக்கிறது. ஆனால் ‘மட்டும்’ என்ற சொல்லின் வால் கீழே தெரிகிறது. திருமதி அனிதாவும் பார்த்தார். சம்மதக் கடிதத்தில் உள்ள கையெழுத்து என்னுடையது அல்ல.

8. இதில் என் கணவருக்குப் பங்கு உண்டா என்று எனக்குத் தெரியாது. கேட்டேன். “அண்ணன் எதுக்குப் பொய் சொல்லுது?” என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் எழுத எனக்கு ஆதாரம் இல்லை. சந்தேகத்தை ஆதாரம் என்று எழுத நான் விரும்பவில்லை. என்மேல் அப்படித்தான் புகார் சொன்னார்கள்.

9. ஆகவே ஐயா, அந்தப் பட்டா விண்ணப்பத்தை நிறுத்தி வைத்து, கையெழுத்தைச் சோதிக்க உத்தரவிட வேண்டுகிறேன். என் பையை ரசீதின்றி வேறொருவரிடம் கொடுத்தது யார் என விசாரிக்க வேண்டுகிறேன். விசாரணையை வேறு நிலைய அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டுகிறேன். பை கிடைத்தால் என் கையிலேயே தர வேண்டும். குடும்பத்தாரிடம் கொடுத்துவிட்டு, மனுதாரர் பெற்றுக்கொண்டார் என்று எழுதி முடித்துவிட வேண்டாம்.

10. ஆற்றில் இன்னும் தண்ணீர் குறையவில்லை. வேறொரு பை கட்டியிருக்கிறேன். அது எங்கே இருக்கிறது என்பதை இதில் எழுதவில்லை. இம்மனுவின் நகல் எந்த மேசைக்கெல்லாம் போகும் என்று எனக்குத் தெரியாது. ரஞ்சனிக்கு இடம் தெரியும்.

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
ந. ஜெயப்பிரியா
(ஒப்பம்)

இடம்: நாமக்கல்
நாள்: 9.9.2024

இணைப்பு: தீயணைப்புத் துறை கொடுத்த பட்டியல், சுகாதார நிலையச் சீட்டு. இரண்டும் நகல். அசல் என்னிடம் உள்ளது.