எப்சிபாவின் மன்னிப்புக் கடிதம்

அத்திப்பட்டு
13.8.2006

அன்புள்ள துளசிக்கு,

புத்தாண்டுக்குப் புத்தாண்டு எழுதுகிறவன் ஆகஸ்டில் எழுதுகிறானே என்று கவரைப் பிரிக்கும்போதே யோசித்திருப்பாய். காரணம் உனக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் எங்கள் பக்கத்திலிருந்து நடந்ததைச் சொல்கிறேன்.

போன மாதம் உங்கள் கல்லூரிப் பேருந்தின் படிக்கட்டிலிருந்து விழுந்து செத்துப்போன சந்திரகலா, என் மகள் எப்சிபாவின் வகுப்பு. மூன்று வருடமாக இரண்டு பேரும் ஒரே பெஞ்சு. மறுநாள் பிள்ளைகள் கல்லூரி கேட் முன்னால் உட்கார்ந்தார்கள். கல்லூரி நிறுத்திவிட்ட இரண்டு பேருந்துகளையும் திரும்ப விடுங்கள் என்பதுதான் கோரிக்கை. ஒரு கண்ணாடி உடையவில்லை. அங்கே வந்த டிவிக்காரர் மைக்கை நீட்டியதும் மற்றவர்கள் பின்வாங்கிவிட்டார்கள். எங்கள் பெண்தான் பேசினாள். "அம்பது சீட்டு பஸ்ல நூத்திப் பத்து பேரு போறோம் சார். ஆபீசுல மூணு வாட்டி எழுதிக் குடுத்தோம். படிச்சிக்கூட பாக்கல." பேசியது அவ்வளவுதான். அன்று சாயங்காலம் நானும் முத்தம்மாவும் டிவியில் பார்த்தோம். பெருமையாகத்தான் இருந்தது. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது.

இப்போது ஆறு பேரை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். விசாரணைக் குழுவில் மூன்று பேர், அதில் நீயும் ஒருவன் என்று எப்சிபா சொன்னாள். "துளசி மாமா இருக்காரு நைனா, நீ பேஜாராவாதே" என்று அவள்தான் எனக்குத் தைரியம் சொல்கிறாள்.

சலுகை கேட்டு எழுதவில்லை. என்ன செய்யப்போகிறார்கள் என்று மட்டும் சொல். அனல்மின் நிலையத்துக் கான்ட்ராக்ட் ஷிப்டில் சாம்பலுக்கு நடுவே நிற்கும்போது வேறு எதுவும் மனதில் ஓடவில்லை. நாலு வருடப் படிப்பில் அவளுக்கு இன்னும் ஒரு வருடம்தான் பாக்கி.

உன்
சாலமோன்


திருவள்ளூர்
19.8.2006

அன்பு சாலமோன்,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். போனில் பேசக்கூடிய விஷயம் இல்லை, அதனால்தான் நானும் எழுதுகிறேன்.

பிள்ளைகள் உட்கார்ந்ததைக்கூட நிர்வாகம் மறந்துவிடும். டிவியை மறக்காது. சேரும்போது ஒரு படிவம் கொடுத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? அனுமதி இல்லாமல் கூட்டம் கூடமாட்டேன், பத்திரிகைக்கும் டிவிக்கும் பேசமாட்டேன், எந்த அரசியலிலும் சேரமாட்டேன் என்று அதில் இருக்கிறது. எப்சிபாவும் போட்டிருக்கிறாள், பெற்றோர் என்ற இடத்தில் நீயும் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். நீ படித்திருக்கமாட்டாய். யாரும் படிப்பதில்லை.

ஒரே வழிதான் இருக்கிறது. மன்னிப்புக் கடிதம். வாசகத்தைக் கீழே தருகிறேன், அப்படியே எழுதச் சொல்: "மாணவர்களைத் தூண்டி, உண்மைக்குப் புறம்பான செய்தியை ஊடகத்தில் கூறியது என் தவறு. இதற்காக மன்னிப்புக் கோருகிறேன்." வாங்கிக் கோப்பில் போட்டுவிடுவார்கள். அடுத்த வாரமே வகுப்புக்குப் போகலாம்.

உனக்கு இதை எழுத என் கை கூசுகிறது. நம் ஹாஸ்டல் ஸ்டிரைக்கில் நான் மன்னிப்பு எழுதிக் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். நீ எழுதாமல் வெளியே போனாய், படிப்பு அன்றோடு முடிந்தது. ஒரு நாளாவது என்னைக் குத்திக்காட்டியிருக்கிறாயா? இல்லை. அதனாலேயே சொல்கிறேன், அந்தப் பெண்ணுக்கு அது வேண்டாம். என் நிலையும் உனக்குத் தெரியும். ஒவ்வொரு ஜூனிலும் வேலை இன்னும் ஒரு வருடம் என்று ஒரு தாளைக் கொடுப்பார்கள். அந்தத் தாளுக்காக வருடம் முழுக்க வாயை மூடிக்கொண்டிருப்பேன்.

அன்புடன்
துளசிராமன்


அத்திப்பட்டு
24.8.2006

அன்புள்ள துளசிக்கு,

எழுதி வாங்கிவிட்டேன். இத்துடன் இருக்கிறது.

இரண்டு நாள் பிடித்தது. நீ அனுப்பிய வாசகத்தைப் படித்துவிட்டு எப்சிபா கேட்டாள்: "உண்மைக்குப் புறம்பானன்னா பொய்யின்னுதானே அர்த்தம்? நூத்திப் பத்து பேரு பொய்யா? சந்திரகலா வுழுந்தது பொய்யா?"

பொய் இல்லை என்றேன்.

"அப்போ இன்னாத்துக்கு எழுதணும்? நான் யாரையும் தூண்டல நைனா. எல்லாரும் அவங்கவங்களா வந்துதான் உக்காந்தாங்க."

முத்தம்மா அழுதாள், கத்தினாள், அப்புறம் பேசுவதையே நிறுத்திவிட்டாள். கடைசியில் நான்தான் கேட்டேன், எனக்காக எழுது என்று. அவள் என்னைப் பார்த்து, "நீ அன்னிக்கி எழுதிக் குடுத்தியா?" என்றாள்.

இல்லை என்றேன்.

"ஏன்?"

"அப்போ எனக்கு நீ இல்லம்மா."

பிறகு பேனாவை எடுத்துக்கொண்டாள். ஓடுகிற கையெழுத்து அவளுடையது. இதை மட்டும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை போல ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பிழை பார்த்தேன், துளசி. "புறம்பான" என்பதில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது. வைக்கச் சொன்னேன்.

உன்னை நம்பித்தான் அனுப்புகிறேன்.

உன்
சாலமோன்


திருவள்ளூர்
11.9.2006

அன்பு சாலமோன்,

கல்லூரியின் ஆணை இதற்குள் உன் கைக்கு வந்திருக்கும். அதற்கு முன்னால் எழுதியிருக்கவேண்டும். மூன்று தடவை ஆரம்பித்துக் கிழித்துப் போட்டேன்.

மற்ற ஐந்து பேரை எச்சரித்துச் சேர்த்துக்கொண்டார்கள். எப்சிபாவை மட்டும் நீக்கியிருக்கிறார்கள். தான்தான் தூண்டியது என்று எழுத்தில் ஒத்துக்கொண்டது அவள் ஒருத்திதான், மற்றவர்கள்மேல் ஆதாரம் இல்லை என்று தலைவர் சொன்னார். இப்படித் திரும்பும் என்று நான் நினைக்கவில்லை. மூன்று பேரில் இரண்டு பேர் முடிவு செய்துவிட்ட பிறகு மூன்றாவது கையெழுத்துக்கு எடை கிடையாது. நானும் போட்டேன்.

டி.சி. சீக்கிரம் கிடைக்க ஏற்பாடு செய்கிறேன். கெட்டிக்காரப் பெண், வேறு கல்லூரியில் கிடைக்கும். முத்தம்மாவுக்கு ஆறுதல் சொல்.

துளசிராமன்


அத்திப்பட்டு
5.10.2006

துளசி,

டி.சி. வந்தது. நடத்தை என்ற இடத்தில் "திருப்தியில்லை" என்று எழுதியிருக்கிறார்கள். நானும் எப்சிபாவும் மூன்று கல்லூரிகளுக்குப் போனோம். மூன்று இடத்திலும் அந்த வார்த்தை வரைக்கும்தான் படித்தார்கள். கடைசி இடத்தில் இருந்தவர் நல்ல மனுஷர், "டிவில பேசுன பொண்ணா?" என்று கேட்டு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

இப்போது கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போகிறாள். காலை ஆறு மணிக்கு மீஞ்சூரில் வேன். கூட வேலை செய்கிற பெண்கள் ஏதோ குறை சொல்லி, "நீ படிச்சவ, சூப்பர்வைசர்கிட்ட நீ பேசு" என்றார்களாம். "எனக்கு ஒண்ணும் தெரியாது, என்னை வுட்டுடுங்க" என்று சொல்லிவிட்டாளாம். அந்தப் பெண்களில் ஒருத்தி முத்தம்மாவிடம் வந்து சொன்னாள். வீட்டிலும் அப்படித்தான் இருக்கிறாள். கேட்டதற்குப் பதில் சொல்வாள். என்மேல் கோபம் என்றால் திட்டச் சொன்னேன். "கோபம் இல்ல நைனா" என்கிறாள். உண்மையாகவே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆணையோடு உங்கள் குழுவின் குறிப்பும் வந்தது. எல்லாவற்றையும் ஒரே தடவை படித்தவள், அதை மட்டும் என்னிடம் நீட்டினாள். முதல் கூட்டம் ஆகஸ்டு 17. தீர்மானிக்கவேண்டிய குற்றம் என்று அதில் இருப்பது: "மாணவர்களைத் தூண்டி, உண்மைக்குப் புறம்பான செய்தியை ஊடகத்தில் கூறியது." கீழே உன் கையெழுத்தும் இருக்கிறது. நீ எனக்கு அந்த வாசகத்தை எழுதி அனுப்பியது 19-ஆம் தேதி. குற்றச்சாட்டையே என் பெண்ணின் கையால் எழுதி வாங்கியிருக்கிறாய். வாங்கிக் கொடுத்தவன் நான்.

தெரிந்து செய்தாயா, அவர்கள் சொல்லிக் கொடுத்ததை அப்படியே அனுப்பினாயா, எனக்கு வேண்டாம். நீ என்ன சொன்னாலும் நம்பிவிடுவேன் என்று பயமாக இருக்கிறது. ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். அந்த "திருப்தியில்லை"யை எடுத்துவிட்டு வேறு டி.சி. வாங்கிக் கொடு. அவள் எங்காவது போய்ப் படிப்பை முடிக்கட்டும். நான் யாரிடமும் இப்படிக் கேட்டதில்லை. கெஞ்சிக் கேட்கிறேன்.

சாலமோன்


ஒழுங்கு நடவடிக்கைக் குழு
கல்லூரி அலுவலகம்
18.10.2006

பெறுநர்:
திரு. சாலமோன் அவர்கள்
அத்திப்பட்டு

பார்வை: தங்களின் 5.10.2006 நாளிட்ட கடிதம்.

ஐயா,

பார்வையில் காணும் தங்கள் கடிதம் குழுவின் முன் வைக்கப்பட்டுப் பரிசீலிக்கப்பட்டது. தங்கள் மகள் செல்வி சா. எப்சிபாவுக்கு வழங்கப்பட்ட மாற்றுச் சான்றிதழில் திருத்தம் செய்ய விதிகளில் இடமில்லை என்று தெரிவித்துக்கொள்ளப்படுகிறது.

தங்கள் கடிதம் கோப்பில் சேர்க்கப்பட்டுள்ளது. இப்பொருள் குறித்துக் குழு உறுப்பினர்களுடன் தனிப்பட்ட முறையில் தொடர்பு கொள்வதைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.

தங்கள் உண்மையுள்ள,
ப. துளசிராமன்
உறுப்பினர் செயலர்

நகல்: முதல்வர் அவர்களின் பார்வைக்கு.