பின்பக்கச் சாவி

6 அக்டோபர் 1996
வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். பதினொரு வருடம்!

சபா மலரில் செயலாளர் அருணகிரி எழுதியிருக்கிறார்: கிளாரினெட், நாகஸ்வரத்துக்கு வெள்ளைக்காரன் சாவி மாட்டிய நகலாம். கல்யாண ஊர்வலத்தைத் தாண்டி அதற்குத் தகுதி இல்லையாம். கீழ்பென்னாத்தூர் பேண்ட் செட்டில் கிளாரினெட் வாசிக்கும் என் தம்பி காசி, சபாவின் தீபத் திருவிழா மேடையில் வாசிக்க அரை மணி நேரம் கேட்டிருந்தான். அதற்குப் பதில் இது.

சங்கீத மாதப் பத்திரிகை ஒன்றுக்கு மறுப்பு எழுதப் போகிறேன். நிகழ்ச்சிப் பட்டியல் முடிவாவதற்குள் அது அச்சில் வர வேண்டும்.

7 அக்டோபர்
1985 சபா ஆண்டு விழா. சங்கீதம் பற்றிப் பேச மேடையேறிய என்னிடமிருந்து மைக்கை வாங்கி, “பிசிக்ஸ் வாத்தியாருக்குச் சங்கீதத்துல என்னங்க வேலை?” என்றவர் இதே அருணகிரி. கூட்டமே சிரித்தது. யார் யார் சிரித்தார்கள் என்று இன்றும் சொல்வேன்.

12 அக்டோபர்
வேலூர் போய் நூலகத்தில் நாள் முழுவதும் உட்கார்ந்தேன். ஜெர்மனியில் நூரம்பெர்க். சுமார் 1700. டென்னர் என்று ஒரு குழல் செய்பவர். அப்போது ஷாலுமோ என்றொரு குழல் இருந்தது, ஊதும் இடத்தில் ஒற்றை நாணல் நாக்கு. ஒரு ஸ்தாயிக்குச் சற்று மேலே போனால் அதன் மூச்சு முடிந்தது. அதன் பின்பக்கத் துளையைச் சிறிதாக்கி, வாய்ப்பக்கம் ஏற்றி வைத்து, அதற்குக் கட்டை விரலால் அழுத்தித் திறக்கும் உலோக மூடி போட்டார்கள்; அதுதான் சாவி. செய்தது டென்னரா அவர் மகனா என்பதில் சண்டை இருக்கிறது. யாராக இருந்தால் என்ன? மேலே ஒரு முழு ஸ்தாயி திறந்துகொண்டது, கிளாரினெட் பிறந்தது!

நாகஸ்வரத்துக்கோ இரட்டை நாக்குச் சீவாளி. நகலாம்!

13 அக்டோபர்
காசி வந்தான். ஷட்ஜம் ஊதச் சொன்னேன். அந்தச் சாவியை அழுத்தினான். மேல் ஷட்ஜம் வரவில்லை. அதையும் தாண்டி மேல் பஞ்சமத்தில் போய் நின்றது. நாகஸ்வரத்தில் அழுத்தி ஊதினால் அதே ஸ்வரம்தான் மேலே கேட்கும். இரண்டும் வேறு வேறு குழல்கள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

“இதுக்கா வேலூரு வரைக்கும் போன? என்னைக் கேட்டிருந்தா இங்கியே ஊதிக் காட்டியிருப்பேனே ணா.”

“உங்கண்ணன் எங்க கேப்பாரு? சொல்லத்தான் தெரியும்” என்றாள் தனம். என் மனைவிக்கு இப்படி ஒரு வாய்.

ஒரு முனை மூடிய குழாயில் ஒற்றைப்படை அதிர்வுகள்தான் எழும்; இரண்டாவதான மேல் ஷட்ஜத்தைத் தாண்டி மூன்றாவதான பஞ்சமம். இருபது வருடமாகக் கரும்பலகையில் வரைகிறேன். தம்பி கையில் இருந்ததைப் பார்க்கவில்லையே நான்.

16 அக்டோபர்
ஏழு பக்கம் முடித்து காசிக்குப் படித்துக் காட்டினேன்.

“நல்லாத்தான் இருக்குது. ஆனா கிளாரினெட்டு அஞ்சாம் பக்கத்துலதான் வருது. அதுவரைக்கும் அருணகிரிதான் வாசிக்கிறாரு.”

உனக்காகத்தானேடா எழுதினேன் என்று கத்திவிட்டேன்.

“எனக்காகன்னா என் வாத்தியத்தப் பத்தி எழுது ணா.”

17 அக்டோபர்
மாலையில் ஏழு பக்கத்தையும் நானே எனக்குப் படித்துப் பார்த்தேன்.

19 அக்டோபர்
முதல் நான்கு பக்கங்களை எடுத்துவிட்டேன். புதிதாக ஒரு பத்தி எழுதினேன்: பிறந்த மண்ணிலேயே கிளாரினெட்டுக்கு வாத்தியக் குழுவில் உடனே நாற்காலி கிடைக்கவில்லை. பல்லாண்டுகள், தேவைப்படும்போது ஓபோ என்ற இரட்டை நாக்குக் குழல் வாசிக்கிறவர்களே கையில் எடுத்து ஊதினார்கள். ஒவ்வொரு சாவியாகச் சேர்த்துக்கொண்டு தன் இடத்தைத் தானே பிடித்தது. பட்டாளத்து பேண்டோடு கப்பலேறி வந்து, நூறு வருடத்துக்கு முன்பே தஞ்சாவூர்ப் பக்கம் சதிர் நாட்டியக் கச்சேரியில் உட்கார்ந்துவிட்டது.

எழுதும்போது நெஞ்சு நிமிர்ந்தது. அந்த நூரம்பெர்க்காரர் எனக்குச் சொந்தக்காரர் போல.

20 அக்டோபர்
காசி மூன்று பக்கத்தையும் இரண்டு முறை படித்தான். நகல் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டான்.

21 அக்டோபர்
கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தேன். பெயரைப் பார்த்த உடனே அருணகிரி என்ன சொல்வார்? தம்பிக்கு அண்ணன் வக்காலத்து. அவ்வளவுதான், அதற்குமேல் ஒருவரும் படிக்க மாட்டார்கள். அவர் சொல்வதில் பொய்யும் இல்லையே.

என் வாழ்க்கையில் நான் எழுதியவற்றிலேயே சிறந்த மூன்று பக்கங்கள் இவை. இதில் அருணகிரி இல்லை. நானும் இருக்க வேண்டாம்.

உறையை ஒட்டிவிட்டேன். காலையில் பெயர் இல்லாமலேயே தபாலில் சேர்க்கிறேன்.