ரொட்டி சுட்டவளின் பெயர்

கொச்சங்காடி, மட்டாஞ்சேரி
ஞாயிறு மத்தியானம்

அன்பு மகள் அமுதவள்ளிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் உன் தம்பி அருண்பாண்டியும் சுகமாக இருக்கிறோம், கிரைண்டர் மட்டும் நாலு நாள் சுகமில்லாமல் கிடந்து எழுந்தது. அங்கே டண்டீயில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, காதை மூடிக்கொண்டு வெளியே போய் நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். உன் குரல் கேட்டதும் அப்பா தன் காதைக் கொண்டுவந்து என் காதோடு ஒட்டிவிடுகிறார், அவரைப் பற்றி அவர் முன்னாலேயே எப்படிச் சொல்வது. சுமா லீவு முடிந்து வியாழக்கிழமை உன் ஆஸ்பத்திரிக்கே திரும்புகிறாள், அவளிடம் ஒரு பெட்டியும் அதற்குள் இந்தக் கடிதமும் கொடுத்துவிடுகிறேன். நீ மலையாளம் என்றால் கடகடவென்று படிப்பாய், தமிழ் என்றால் ஒவ்வொரு எழுத்தாகத் தடவிக்கொண்டு போவாய், அதனால் பெரிய எழுத்தாகவே எழுதுகிறேன். போனைக் காட்டி இங்கிலீஷாக்கி ரோரிக்கு வாசித்துவிடாதே, அவனைப் பற்றியும் கொஞ்சம் இருக்கிறது.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். வைகாசியில் ரோரியோடு கல்யாணம் முடிந்ததும் உன் பெயருக்குப் பின்னால் இருக்கிற அழகரை எடுத்துவிட்டு அவன் குடும்பப் பெயரான பாக்ஸ்டரை வைத்துக்கொள்ளட்டுமா, அப்பாவிடம் பக்குவமாகக் கேட்டுச் சொல் என்றாய். பக்குவமாகத்தான் கேட்டேன், சோற்றில் மீன் குழம்பை ஊற்றிவிட்டுக் கேட்டேன். 'அவ இஷ்டம்' என்றார். அந்த இரண்டு வார்த்தையை அவர் சொன்ன தினுசு உனக்குத் தெரியாதா. மறுநாள் தான் வேலை பார்க்கிற சரக்குக் கிட்டங்கியிலிருந்து மூட்டைக்கு மார்க் போடுகிற தூரிகையையும் கறுப்பு மையையும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். குடையில் அழகர் என்று எழுதினார். அடுத்த நாள் தண்ணீர் டிரம்மில் எழுதினார். அதற்கடுத்த நாள் நான் உட்கார்ந்து மாவு அளக்கிற ஸ்டூலிலும் எழுதிவிட்டார், இப்போது நான் தினமும் அவர் பெயர் மேல்தான் உட்காருகிறேன். அருண்பாண்டி முதுகை மூடிக்கொண்டுதான் படுக்கிறான்.

சிரிக்காதே வள்ளி. முப்பது வருஷமாக இஞ்சி மூட்டையிலும் மிளகு மூட்டையிலும் யார் யார் பெயரையோ எழுதிக் கப்பலுக்கு அனுப்பினவர். அவர் பெயர் எங்கேயும் போனதில்லை, அவரே வைட்டிலா பஸ் ஸ்டாண்டைத் தாண்டுவது குலதெய்வம் கும்பிட உசிலம்பட்டிக்குப் போகும்போதுதான். நம்மிடம் குடும்பப் பெயர் என்று ஏது, அப்பா பெயரில் முதல் எழுத்தை முன்னால் போட்டால் தீர்ந்தது. பள்ளிக்கூடத்தில் இந்த ஊர் வழக்கப்படி அந்த எழுத்தைப் பின்னால் கொண்டுபோய் வைத்ததற்கே டீச்சரிடம் சண்டைக்குப் போன மனிதர் அவர். பாஸ்போர்ட் எடுக்கப் போன இடத்தில் குடும்பப் பெயர் கட்டாயம் வேண்டும், சும்மா விட முடியாது என்று அந்த ஆள் சொன்னதால்தானே அப்பா பெயர் முழுசாக உன் பின்னால் ஏறிக்கொண்டது. அங்கே போன பிறகு உன்னை எல்லோரும் சிஸ்டர் அழகர் என்று கூப்பிடுகிறார்கள். ஒருநாள் நீ வீடியோவில் பேசிக்கொண்டிருக்கும்போது பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒரு பெரியவர் அப்படிக் கூப்பிட்டது இங்கே கேட்டுவிட்டது. அன்றிலிருந்து சாயாக்கடையில் ஒரே பேச்சு, 'டண்டீயில ஒரு வெள்ளைக்காரக் கிழவர் காலையில கண்ணு முழிச்சதும் என் பேரைத்தான் சொல்றாராக்கும்' என்று. அந்த ஊர் ஒரு காலத்தில் சணல் சாக்கு நெய்த ஊர் என்று சுமா சொல்லவும் 'அப்ப நம்ம ஊருதான்' என்று முடிவே கட்டிவிட்டார். அந்தப் பெயரைத்தான் இப்போது நீ இறக்கி வைக்கிறேன் என்கிறாய். அவருக்கு வலிக்கத்தான் செய்யும், அதை உன்னிடம் மறைக்க எனக்கு மனசில்லை.

சரி, வருகிற பெயர் எப்படிப்பட்டது என்று பார்ப்போமே என்று, ரோரி வீட்டார் எழுதி நீ அனுப்பிய நாலு பக்கக் குடும்ப வரலாற்றைக் கமலாக்ஷி சேச்சியின் மகன் ஸ்ரீநாத்திடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். லைப்ரரியில் வேலை, கேட்டால் மூன்று புத்தகம் பார்க்காமல் வாய் திறக்க மாட்டான். ராஜாவின் அடுப்படியில் ரொட்டி சுட்ட பரம்பரை என்று முதல் பக்கத்திலேயே பெருமை அடித்திருக்கிறார்கள். அதற்கு ஆதாரம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன், அது அவர்கள் வீட்டில் சொல்லிக்கொள்வது என்றான். நம் ஊரில் மட்டும் ராஜாவுக்குச் சேவகம் செய்யாத குடும்பம் எங்கே இருக்கிறது. ஆனால் பாக்ஸ்டர் என்றால் ரொட்டி சுடுகிறவர் என்பது மெய்தானாம். எனக்கு அப்போதே சிரிப்பு வந்துவிட்டது, ரொட்டித் துண்டை வாட்டக் கொடுத்தால் கரியாக்குகிறான் என்று நீதானே எழுதினாய், கரண்ட் எடுக்கிற காற்றாடிக் கம்பத்தில் ஏறி ரிப்பேர் பார்க்கிற பையன் ரொட்டிக்கு எங்கே போவான். அங்கே தாத்தாவின் தொழில் பெயராக ஒட்டிக்கொண்டால் பேரன் என்ன வேலை செய்தாலும் உரிந்து போகாதாம். அப்புறம் ஸ்ரீநாத் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, 'சேச்சி, ஒரு காரியம் கேளுங்க. இது ஆதியில பொம்பளைக்கு உள்ள பேராக்கும்' என்றான். பழைய காலத்தில் ரொட்டி சுடுகிற ஆணுக்கு வேறு சொல், பெண்ணுக்கு இந்தச் சொல். போகப் போக ஆண்களும் அதையே எடுத்துக்கொண்டு, பிள்ளை பேரன் என்று இறங்கிக் குடும்பப் பெயர் ஆகிவிட்டதாம். மீசையும் கட்டம் போட்ட பாவாடையுமாக, அந்த வரலாற்றோடு வந்த குடும்பப் படத்தில் நிற்கிற அத்தனை ஆம்பிளைகளும் மாவு பிசைந்த யாரோ ஒருத்தியின் பெயரைத்தான் போட்டுக்கொண்டு திரிகிறார்கள்.

இப்போது உன் கதைக்கு வா. ஆறாம் வகுப்பில் சஜி உன்னை மாவக்கா மோளே என்று கூப்பிட்டதற்கு அவன் குடையை ஒடித்துவிட்டு வந்தாயே, ஞாபகம் இருக்கிறதா. இட்லி மாவு விற்கிறவள் மகள் என்பது அவ்வளவு கேவலமாக இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு வராதே அம்மா, வந்தாலும் கையை நன்றாகக் கழுவிக்கொண்டு வா, உளுந்து வாசம் அடிக்கிறது என்றாய். நான் சோப்புப் போட்டு மூன்று தரம் கழுவிக்கொண்டு வந்தேன், மனசு கஷ்டமாகத்தான் இருந்தது, அன்றைக்குச் சொல்லவில்லை. இப்போது என்னடா என்றால் ஐயாயிரம் மைல் தாண்டிப் போய், மாவுக்காரி பெயரை முத்திரை குத்தி வாங்கிக்கொள்கிறேன் என்று மனுப் போடுகிறாய். இந்த விஷயம் சஜிக்குத் தெரியட்டும், குடைக்கு வட்டியோடு வருவான்.

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். ராஜா வீட்டு அடுப்படி என்றதற்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பொம்பளை பெயர் என்றதும் திரும்பிப் பார்த்தார். கொஞ்ச நேரம் தூரிகையை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு, 'ஏ ஒச்சு, பிள்ளையோட பேப்பர் எதுலயாச்சும் உன் பேரு இருக்கா' என்று கேட்டார். நான் யோசித்துப் பார்த்தேன். இனிஷியலில் அவர், பாஸ்போர்ட்டில் பின்னால் அவர், ரோரியின் அம்மா அனுப்பிய கிறிஸ்துமஸ் கார்டிலும் நான் திருமதி அழகர். அம்மா பெயர் கேட்கிற கட்டத்தில் மட்டும் ஒரு ஓரமாக எழுதுவார்கள், அதோடு சரி, உன் பெயரோடு ஒட்டி நான் எங்கேயும் இல்லை. இருபத்தொன்பது வருஷத்தில் எனக்கு இது தோன்றவே இல்லை. அதற்கு அவர், 'நான் அங்க இருந்தது போதும். இனிமே நீ போயி இரு. எனக்கு ஒத்த எழுத்து போதும், ஆனா முன்னாடி நிப்பேன், பின்னாடி எல்லாம் நிக்க மாட்டேன்' என்றார். மாவு பொங்கி வழிகிறது என்று சொல்லி உள்ளே போய்விட்டேன். மாவு அப்போதுதான் ஆட்டி வைத்திருந்தது.

ஆகவே மகளே, தாராளமாக அந்தப் பெயரை வைத்துக்கொள். ரோரிக்காக வைத்துக்கொண்டதாக அவனிடம் சொல், எனக்காக என்று நீ நினைத்துக்கொள். அவனுக்கு ரொட்டி வாட்டவாவது கற்றுக்கொடு, குடும்ப மானம் இருக்கிறது. பெட்டியில் இட்லிப் பொடி, கண்ணிமாங்காய் ஊறுகாய், உணங்கிய மரவள்ளிக் கப்பை, கல்யாணப் புடவை எல்லாம் வைத்திருக்கிறேன். நீ இட்லிக்கு ஆட்டினால் அந்தக் குளிரில் மாவு புளிக்காது, அடுப்பு சூட்டுப் பக்கம் துணி போர்த்தி வை, அவசரப்பட்டுத் திறந்து திறந்து பார்க்காதே. கல்யாணத்துக்கு முந்தின நாள் குலதெய்வத்தை நினைத்து ஒரு விளக்கு ஏற்று, மறக்காதே. நீங்கள் இரண்டு பேரும் சண்டை போட்டாலும் சாப்பாட்டு நேரத்துக்குள் முடித்துக்கொண்டு, நோய்நொடி இல்லாமல் நிறைந்து வாழ வேண்டும் என்று அப்பாவும் நானும் வாழ்த்துகிறோம்.

இன்னொன்று, பெட்டியைப் பிரிக்கும் முன்னால் மேல்மூடியைப் பார். கிட்டங்கித் தூரிகையால் அப்பாவே உன் புதுப் பெயரை எழுதியிருக்கிறார், அ. அமுதவள்ளி பாக்ஸ்டர் என்று. முதல் எழுத்து மட்டும் மற்றதைவிட இரண்டு மடங்கு பெரிதாக இருக்கும். நீ எதுவும் கேட்டுவிடாதே.

இப்படிக்கு
உன் அம்மா
மாவக்கா